காற்றைக் காட்டுகிறீர்கள், கணக்கை எப்போது காட்டுவீர்கள்?

மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கான நம் நாட்டு மருத்துவமனை விளம்பரங்களில் ‘லாமினார் ஃப்ளோ அறுவை அரங்கு’ என்னும் வரி தவறாமல் இடம்பெறுகிறது. அங்கே மூட்டு மாற்றிக்கொண்டவர்களுள் எத்தனை பேருக்குத் தொற்று ஏற்பட்டது என்ற எண்ணை நான் கண்ட எந்த விளம்பரத்திலும் காணவில்லை.

இந்தத் தொழில்நுட்பம் பிறந்ததே எண்ணிப் பார்த்ததால்தான். 1960களில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி தம் நோயாளிகளின் தொற்றுகளைக் கணக்கிட்டார். அரங்கின் காற்றைச் சந்தேகித்தார். தூய காற்றறையை அமைத்தார். 1982இல் வெளியான லிட்வெல் குழுவின் ஆய்வு, 8,000க்கும் மேற்பட்ட அறுவைகளை எண்ணி, மீத்தூய காற்று ஆழ்தொற்றைப் பாதிக்கும் கீழாகக் குறைத்ததாகக் காட்டியது. 2011இல் நியூசிலாந்து மூட்டுப் பதிவேடு அந்த நம்பிக்கையை அசைத்தது: லாமினார் அரங்குகளில் தொற்றுக்கான மறு அறுவை குறையவில்லை, கூடியிருந்தது. 2016இல் உலக சுகாதார நிறுவனம், தொற்றைக் குறைக்கும் பொருட்டு இதனைப் பயன்படுத்த வேண்டாமெனப் பரிந்துரைத்தது. சான்றுகள் வலுவற்றவை என்பதையும் மறைக்கவில்லை.

இவ்வளவு ஐயத்துக்குரிய ஒன்றை நாம் பாதுகாப்பின் முத்திரையாக விற்கிறோம். காற்றில் மிதக்கும் கிருமிகளுள் பெரும்பகுதி அரங்கில் நிற்போரின் தோல் துகள்களில் வருவது. கதவு எத்தனை முறை திறந்தது, செயற்கை மூட்டு நிறுவனத்தின் பிரதிநிதி உட்பட உள்ளே எத்தனை பேர் நின்றனர், ஆன்டிபயாடிக் உரிய நேரத்தில் ஏறியதா என்று குறித்துவைக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அதை விளம்பரப்படுத்த முடியாது என்பதுதான் அதன் குறை!

எண்களை வெளியிட்டால் நீரிழிவு நோயாளிகளை மருத்துவமனைகள் தவிர்க்கும் என்பர். நியாயமான அச்சமே. நோயாளியின் இடர்நிலைக்கேற்பக் கணக்கைச் சரிசெய்யும் புள்ளியியல் முறைகள் அதற்காகவே உள்ளன. ஸ்வீடன் 1975 முதல் முழங்கால் மூட்டுப் பதிவேட்டைப் பேணிவருகிறது. இங்கோ பதிவேட்டில் சேர்வது மருத்துவரின் விருப்பம். 2017இல் செயற்கை முழங்கால் மூட்டின் விலைக்கு உச்சவரம்பு விதித்த அரசுக்கு, தொற்றுக் கணக்கைக் கட்டாயமாக்கும் வலிமை இல்லையா?

தொற்றிய மூட்டைக் கழற்றி, மாதக்கணக்கில் மருந்துண்டு, மீண்டும் மேசையில் படுப்பவர் நோயாளி. அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய எண் அது. மருத்துவம், பொதுச் சுகாதாரம் பயிலும் மாணவர்களே, உங்கள் கல்லூரி மருத்துவமனையின் கடந்த ஆண்டுத் தொற்று விகிதத்தைக் கேளுங்கள். விடை இல்லையெனில், ஆய்வேட்டுக்கான தலைப்பு கிடைத்துவிட்டது.