பல்லுக்குள்ள போற சிமென்ட்டுக்கும் க்யூப் டெஸ்ட்டா?

லேப்ல க்யூப் உடைச்சு உடைச்சு சலிச்சுப்போன சிவில் மக்களே, இது உங்களுக்குத்தான். நாம குழைக்கிற போர்ட்லேண்ட் சிமென்ட்டோட சொந்தக்காரன் ஒருத்தன் பல் வேரிலும் குடியிருக்கான். பேரு எம்.டி.ஏ.

ரூட் கெனால் செய்தும் சீழ் அடங்கலைன்னா, ஈறைத் திறந்து, வேரின் நுனியில் சுமார் 3 மி.மீ. வெட்டி எடுத்துவிட்டு அந்த முனையை அடைப்பார்கள். முன்பு அதற்கு அமால்கம். 1990களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் டொராபினெஜாத் கொண்டுவந்ததுதான் எம்.டி.ஏ. முக்கால் பங்கு போர்ட்லேண்ட் சிமென்ட், எக்ஸ்ரேயில் தெரிய பிஸ்மத் ஆக்சைடு, கொஞ்சம் ஜிப்சம். (தூய்மை வேற லெவல், சைட்டில் இருக்கிற மூட்டையைத் தூக்கிட்டுப் போயிடாதீங்க.)

சிமென்ட் இறுகும்போது வரும் கால்சியம் ஹைட்ராக்சைடை நாம ஃப்ளை ஆஷ் போட்டுக் குறைக்கப் பார்ப்போம். பல்லில் அதுதான் ஹீரோ. அதன் காரத்தன்மையில் கிருமிகள் தாக்குப்பிடிப்பது கஷ்டம்.

எம்.டி.ஏ. இறுக ஏறத்தாழ 2¾ மணி நேரம். பின்னால் வந்த பயோடென்டினில் ட்ரைகால்சியம் சிலிகேட்டோடு கால்சியம் குளோரைடும் உண்டு. தயாரிப்பாளர் கணக்கில் 12 நிமிஷம்தான். வலிமையும் அதிகம்.

எங்க அண்ணிக்கு முன்பல்லில் இந்த ஆபரேஷன்னு சொன்னதும் ரெண்டு டேட்டா ஷீட்டையும் படிச்சிட்டு, "பயோடென்டின்தானே பெஸ்ட்?"னு டாக்டர்கிட்ட கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்: "வேர்நுனியில எவ்ளோ லோடு வருது தம்பி?" பதில் இல்ல.

என் கருத்து இதுதான்: இந்த இடத்துக்கு அமுக்க வலிமையை வைத்து ரேங்க் போடுவது தப்பு. கசிவில்லாத அடைப்பும், பின்னாளில் எக்ஸ்ரேயில் அடையாளம் தெரிவதும் முக்கியம். பயோடென்டினில் இருப்பது சிர்கோனியம் ஆக்சைடு. படத்தில் பல்லின் டென்டினிலிருந்து பிரித்துப் பார்ப்பது சிரமம். பிஸ்மத் பல்லைக் கறுக்க வைக்கும் என்பது எம்.டி.ஏ. மேல் உள்ள பெரிய புகார். ஆனா ஈறுக்கு அடியில் இருக்கிற வேர்நுனியை யார் பார்க்கப் போறா? அதுவே பல்லின் மேல்பகுதி என்றால் நான் பயோடென்டின் கட்சி. எம்.டி.ஏ.வின் நிஜமான குறை அந்த 2¾ மணி நேரம்தான். இறுகுவதற்குள் ரத்தமோ கழுவும் நீரோ அரித்துவிடலாம். இங்கேதான் டாக்டரின் கை வேலை செய்யணும்.

அண்ணிக்கு எம்.டி.ஏ.தான் வெச்சாங்க. ஆறு மாச எக்ஸ்ரே அடுத்த வாரம். நானும் போறேன்.