இன்டர்வியூவுக்கு முன்னாடி கம்பெனியை நீங்க இன்டர்வியூ பண்ணுங்க!

தென்மாவட்ட வாசகி ஒருவர் போன வாரம் கேட்டிருந்த கேள்வி இது:

“பொண்ணு பி.காம் முடிச்சிருக்கா. சென்னையில ஒரு கம்பெனியில இருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்காங்க. வெப்சைட் பளபளன்னு இருக்கு. ஆனா, செலக்ட் ஆனதும் ‘டிரெயினிங் டெபாசிட்’ 18,000 ரூபாய் கட்டணும், ஒரு வருஷம் கழிச்சுத் திருப்பித் தந்துடுவோம்னு சொல்றாங்க. நம்பலாமா? அந்தக் கம்பெனியைப் பத்தி வீட்ல இருந்தபடியே எப்படி விசாரிக்கிறது?”

முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில்: வேண்டாம். சம்பளம் கொடுக்க வேண்டியவர், சம்பளம் வாங்க வருபவரிடம் முன்பணம் கேட்டால் அங்கே விற்கப்படுவது வேலை அல்ல. டெபாசிட், டிரெயினிங் ஃபீஸ், லேப்டாப் இன்ஷூரன்ஸ், பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷன் சார்ஜ் என்று பெயர் எதுவாக இருந்தாலும் சரி. பெரிய நிறுவனங்கள் பலவும் ‘வேலைக்காக யாரிடமும் நாங்கள் பணம் வாங்குவதில்லை’ என்று தங்கள் இணையதளத்திலேயே எழுதி வைத்திருக்கின்றன.

இரண்டாவது கேள்விதான் இந்த வாரத்துக்கான விஷயம். பொண்ணு பார்க்க, மாப்பிள்ளை பார்க்க நாலு தெரு விசாரிக்கிறோம். தினமும் எட்டு, ஒன்பது மணி நேரம் இருக்கப்போகிற இடத்தை மட்டும் விசாரிக்காமல் விடலாமா? கையில் ஒரு போனும் அரை மணி நேரமும் இருந்தால் போதும்.

முதலில்... கம்பெனி உயிரோடு இருக்கிறதா?

பிரைவேட் லிமிடெட், பப்ளிக் லிமிடெட் என்று பதிவான ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 21 இலக்க அடையாள எண் உண்டு. சி.ஐ.என் என்பார்கள். கம்பெனியின் ஜாதகமே அந்த எண்ணுக்குள் இருக்கும். இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் எண்ணையே எடுத்துக்கொள்வோம்: எல் 85110 கே.ஏ 1981 பி.எல்.சி 013115.

முதல் எழுத்து ‘எல்’ என்றால் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம். ‘யு’ என்றால் பட்டியலிடப்படாதது. அடுத்த ஐந்து இலக்கம் தொழில் வகை. ‘கே.ஏ’ என்பது பதிவு அலுவலகம் இருக்கும் கர்நாடகா. தமிழ்நாடு என்றால் ‘டி.என்’ என்று இருக்கும். 1981, கம்பெனி பதிவான வருடம். ‘பி.எல்.சி’ என்றால் பப்ளிக் லிமிடெட், ‘பி.டி.சி’ என்றால் பிரைவேட் லிமிடெட். கடைசி ஆறு இலக்கம் பதிவு எண்.

‘25 வருட அனுபவம்’ என்று வெப்சைட்டில் போட்டிருக்கும் கம்பெனியின் எண்ணில் 2023 என்று இருந்தால், ஏன் என்று கேட்க உங்களுக்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது. நியாயமான காரணமும் இருக்கலாம். அப்பா நடத்திய கடையை மகன் பிரைவேட் லிமிடெட்டாக மாற்றியிருக்கலாம். கேட்டால் சொல்லப்போகிறார்கள்.

இந்த எண்ணை எங்கே தேடுவது? 2013-ம் வருட கம்பெனிகள் சட்டப்படி, நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் பெயர், பதிவு அலுவலக முகவரி, சி.ஐ.என், தொலைபேசி, இமெயில் எல்லாம் இருக்க வேண்டும். ஆக, ஆஃபர் லெட்டரின் அடியில் இருக்கும் பொடி எழுத்துகளைப் பாருங்கள். அங்கே ஒன்றுமே இல்லையென்றால் அதுவே முதல் மணி.

எண்ணோ, பெயரோ கிடைத்ததும் மத்திய கம்பெனி விவகாரங்கள் அமைச்சகத்தின் தளத்துக்குப் போங்கள். ‘கம்பெனி மாஸ்டர் டேட்டா’ என்ற பகுதியை இலவசமாகவே பார்க்கலாம். அங்கே கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, ஸ்டேட்டஸ்: ‘ஆக்டிவ்’ என்று இருக்க வேண்டும். ‘ஸ்ட்ரைக் ஆஃப்’ என்றால் பதிவேட்டிலிருந்தே பெயர் நீக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தம். இரண்டு, கடைசியாக பேலன்ஸ் ஷீட் தாக்கல் செய்த தேதி: மூன்று, நான்கு வருடங்களாக ஒன்றும் இல்லையென்றால் யோசிக்க வேண்டும். மூன்று, டைரக்டர்கள் பெயர்: உங்களிடம் ‘நான்தான் எம்.டி’ என்று பேசியவரின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா?

ஜி.எஸ்.டி எண் சொல்லும் கதை

‘எங்க ஊர்ல பாதிக் கம்பெனி பிரைவேட் லிமிடெட்டே கிடையாதே’ என்று திருப்பூர், சிவகாசி வாசகர்கள் கேட்பது புரிகிறது. தனிநபர் நிறுவனமாகவோ பார்ட்னர்ஷிப்பாகவோ நடக்கும் நல்ல கம்பெனிகள் ஏராளம். அவற்றுக்கு சி.ஐ.என் இருக்காது. அங்கே கைகொடுப்பது 15 இலக்க ஜி.எஸ்.டி எண்.

முதல் இரண்டு இலக்கம் மாநிலம்; தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். அதில் நான்காவதாக வரும் எழுத்தைப் பாருங்கள்: ‘சி’ என்றால் கம்பெனி, ‘எஃப்’ என்றால் பார்ட்னர்ஷிப், ‘பி’ என்றால் தனிநபர். ‘மல்டிநேஷனல் கார்ப்பரேஷன்’ என்று சொல்லிக்கொள்ளும் இடத்தின் எண்ணில் ‘பி’ இருந்தால் சிரித்துவிட்டு அடுத்த வேலையைத் தேடலாம்.

ஜி.எஸ்.டி தளத்தில் ‘சர்ச் டாக்ஸ்பேயர்’ பகுதிக்கு லாகின் தேவையில்லை. பதிவு நடப்பில் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா, எந்த முகவரி, எந்தத் தேதியிலிருந்து, ரிட்டர்ன் ஒழுங்காகத் தாக்கல் ஆகிறதா என எல்லாம் தெரியும். ஒரு விஷயம்: சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு நிறுவனங்களுக்குப் பொதுவாக ஜி.எஸ்.டி பதிவு கட்டாயமில்லை. எண் இல்லாததாலேயே மோசடி என்று முடிவுகட்ட வேண்டாம்.

சம்பளம் ஒழுங்காக வருமா? பி.எஃப் தளத்தைக் கேளுங்கள்

பலருக்குத் தெரியாத ஒரு வசதி இது. பி.எஃப் அலுவலகத் தளத்தில் ‘எஸ்டாப்ளிஷ்மென்ட் சர்ச்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. நிறுவனத்தின் பெயரைப் போட்டால், எந்த மாதத்துக்கு எத்தனை ஊழியர்களுக்கு, எவ்வளவு பி.எஃப் தொகை, எந்தத் தேதியில் கட்டப்பட்டது என்று வரிசையாகக் காட்டும்.

20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பி.எஃப் பிடிப்பது சட்டக் கடமை. ஒரு மாதத்துக்கான தொகையை அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். மூன்று மாதத்தை மொத்தமாகச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள், நடுவில் சில மாதங்கள் காணோம் என்றால், அந்த கம்பெனியில் பணப்புழக்கம் தள்ளாடுகிறது என்று ஊகிக்கலாம். பி.எஃப் தள்ளிப்போகும் இடத்தில் சம்பளமும் ஒருநாள் தள்ளிப்போகலாம். போன வருடம் 140 பேர், இப்போது 60 பேர் என்று எண்ணிக்கை சரிந்திருந்தாலும் ஏன் என்று விசாரியுங்கள்.

எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும். கான்ட்ராக்ட் ஊழியர்கள் வேறு நிறுவனத்தின் பெயரில் இருக்கலாம். குறிப்பிட்ட வரம்புக்கு மேல் சம்பளம் வாங்கும் புதியவர்களைச் சேர்க்காமலிருக்கச் சட்டத்தில் இடமும் உண்டு. அதனால் எண்ணிக்கை குறைவாக இருந்தால் சண்டைக்குப் போக வேண்டாம், ‘பி.எஃப் உண்டா, எப்போதிலிருந்து?’ என்று இன்டர்வியூவில் பணிவாகக் கேளுங்கள். தப்பே இல்லை.

பெரிய கம்பெனி என்றால் ஆண்டறிக்கை

பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனம் என்றால் ஆண்டறிக்கை இலவசமாகவே கிடைக்கும். 300 பக்கத்தையும் படிக்க வேண்டாம். சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் இருக்கும் நிறுவனங்கள், செபி உத்தரவுப்படி ‘பி.ஆர்.எஸ்.ஆர்’ என்ற பொறுப்பு அறிக்கையை வெளியிட வேண்டும். வேலை தேடுபவர்களுக்கு அது புதையல். நிரந்தர ஊழியர்களில் வருடத்துக்கு எத்தனை சதவிகிதம் பேர் வேலையை விட்டுப் போகிறார்கள் என்ற கணக்கு, ஆண் பெண் தனித்தனியாக, மூன்று வருடங்களுக்கு அதில் இருக்கும். எத்தனை பெண்கள் வேலை செய்கிறார்கள், சராசரியாக நடுவில் இருப்பவரின் சம்பளம் என்ன, மகப்பேறு விடுப்பு, மருத்துவக் காப்பீடு எத்தனை பேருக்கு, பாலியல் துன்புறுத்தல் புகார்கள் எத்தனை வந்தன என்பதும் இருக்கும். மகளை வேலைக்கு அனுப்பும் பெற்றோர் அவசியம் பார்க்க வேண்டிய பக்கம்.

ரிவ்யூவைப் படிக்கத் தெரிய வேண்டும்

கிளாஸ்டோர், ஆம்பிஷன்பாக்ஸ் மாதிரி தளங்களில் ஸ்டாரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஐந்து ஸ்டார் விமர்சனங்களில் சில, எச்.ஆர் கேட்டுக்கொண்டதால் எழுதியவையாக இருக்கலாம். ஒரு ஸ்டார் விமர்சனங்களில் சில, கோபத்தில் எழுதியவையாக இருக்கலாம். நடுவில் இருக்கும் மூன்று ஸ்டார்களைப் படியுங்கள். நல்லது கெட்டது இரண்டையும் பெரும்பாலும் அவர்கள்தான் சொல்லியிருப்பார்கள். ஒரே வாரத்தில், ஒரே மாதிரி வாசகங்களோடு பத்துப் பாராட்டு வந்திருந்தால் சந்தேகப்படுங்கள். வெவ்வேறு வருடத்தில், வெவ்வேறு ஆட்கள் ஒரே குறையைச் சொன்னால் நம்புங்கள்.

லிங்க்ட்இன்னில் உங்கள் பதவியிலேயே முன்பு இருந்தவர்களைத் தேடுங்கள். எல்லோரும் ஆறேழு மாதத்தில் கிளம்பியிருந்தால் ஏதோ இருக்கிறது. உங்கள் கல்லூரி சீனியர் யாராவது அங்கே இருந்தால் இரண்டு வரி மெசேஜ் போடுங்கள்.

உள்ளூர் கம்பெனி என்றால் இதையெல்லாம் விடச் சிறந்த தளம் ஒன்று உண்டு: கேட் வாசல் டீக்கடை! ஒருநாள் முன்னதாகப் போய், ஷிப்ட் முடியும் நேரத்தில் ஒரு டீ சொல்லுங்கள். எத்தனை மணிக்கு விடுகிறார்கள், சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது என்பது கேட்காமலே காதில் விழும்.

வெளிநாட்டு வேலையா? இரண்டு மடங்கு உஷார்

2022-ம் வருடம், தாய்லாந்தில் ‘டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங்’ வேலை என்று நம்பிப் போன இந்திய இளைஞர்கள், சட்டவிரோதமாக மியான்மருக்குக் கடத்தப்பட்டு, ஆன்லைன் மோசடி செய்யும்படி கட்டாயப்படுத்தப்பட்டார்கள். மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. வெளியுறவு அமைச்சகம் அப்போதே விடுத்த எச்சரிக்கையின் சாரம்: டூரிஸ்ட் விசாவில் வேலைக்குப் போகாதீர்கள்; நிறுவனத்தைத் தூதரகம் மூலம் விசாரியுங்கள்; ஏஜென்ட்டின் பின்னணியைச் சரிபாருங்கள்.

ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை ‘இ-மைக்ரேட்’ அரசுத் தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. லட்சங்களில் பேசினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது; அங்கும் விசாரிக்கலாம்.

தேடியதை இன்டர்வியூவில் எப்படிப் பயன்படுத்துவது?

‘எங்க கம்பெனியைப் பத்தி என்ன தெரியும்?’ – இந்தக் கேள்வி அநேகமாக வந்தே தீரும். அசோக் லேலண்ட் இன்டர்வியூவுக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். “1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று ஆரம்பித்து, 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது” என்பது சரியான தகவல்தான். ஆனால் எதிரே இருப்பவருக்கு அது தெரிந்த கதை. “எலெக்ட்ரிக் பஸ்ஸுக்கு ‘ஸ்விட்ச் மொபிலிட்டி’ என்று தனி நிறுவனமே வைத்திருக்கிறீர்கள். என் கடைசி வருட புராஜெக்ட் பேட்டரி பற்றியது. அதனால்தான் இங்கே விண்ணப்பித்தேன்” என்றால் அவர் நிமிர்ந்து உட்காருவார். கம்பெனியின் ஒரு தகவல், உங்களின் ஒரு தகுதி, இரண்டையும் முடிச்சுப் போடுங்கள். அவ்வளவுதான்.

கடைசியில் ‘ஏதாவது கேட்கணுமா?’ என்பார்கள். ‘நோ சார்’ என்று எழுந்துவிடாதீர்கள். இந்த வேலை புதிதாக உருவானதா, இல்லை, ஒருவர் விட்டுப்போன இடமா? முதல் ஆறு மாதத்தில் என்னிடம் எதை எதிர்பார்க்கிறீர்கள்? பாண்ட் உண்டா, இடையில் விலகினால் என்ன நிபந்தனை? ஒரிஜினல் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டு அன்றே திருப்பித் தருவீர்களா? இந்த நான்கையும் கேளுங்கள். நேரான பதில் வந்தால் நல்ல சகுனம்.

போனில் சேமித்து வைக்க...

* இமெயில் முகவரியில் @ குறிக்குப் பிறகு கம்பெனியின் சொந்தப் பெயர், எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா?
* அதே வேலை, கம்பெனியின் அதிகாரபூர்வ தளத்தில் அறிவிக்கப்பட்டிருக்கிறதா?
* சந்தேகம் வந்தால் லெட்டரில் உள்ள நம்பருக்கு அல்ல, அதிகாரபூர்வ தளத்தில் உள்ள நம்பருக்கு போன் செய்யுங்கள்.
* வாட்ஸ்அப் சாட்டிலேயே இன்டர்வியூ முடிந்து, பத்து நிமிடத்தில் ஆஃபர் லெட்டரா? வேண்டாம்.
* ஆதார், வங்கி விவரம், ஓ.டி.பி – இன்டர்வியூவுக்கு முன் எதுவும் தேவையில்லை.
* பணம் கட்டி ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்கார வேண்டாம். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த மாதம் இன்டர்வியூ இருந்தால், இதை இப்போதே ஃபேமிலி குரூப்பில் ஃபார்வேர்டு செய்துவிடுங்கள். ஆல் தி பெஸ்ட்!