தாத்தாவோட துப்பாக்கி: சொத்தா, சுமையா?

செஞ்சிக் கோட்டையில ராஜகிரி உச்சிக்கு ஏறினா பழைய பீரங்கியைப் பார்க்கலாம். 2025-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த கோட்டை. அந்தப் பீரங்கியைப் பாதுகாக்கிற செலவு தொல்லியல் துறையோடது. ஆனா கீழே ஊருக்குள்ள, உங்க வீட்டு பீரோவுல மிலிட்டரி தாத்தா விட்டுட்டுப் போன ரைஃபிள் இருந்தா, அந்தப் பொறுப்பு முழுக்க உங்களோடது.

"வாரிசு சான்றிதழ் இருக்கே, அப்புறம் என்ன?"னு நினைப்பீங்க. இங்கதான் சிக்கல். எஃப்.டி., வீடு, நகை எல்லாம் வாரிசுக்கு வந்தா நீங்களே வச்சுக்கலாம். துப்பாக்கி அப்படி இல்ல. அதோட மதிப்பு உங்களுக்கு வரும். அதைக் கையில வச்சிருக்கிற உரிமை வராது. தாத்தாவோட லைசென்ஸ் தாத்தாவுக்கு மட்டும்தான். 1959-ம் வருஷ ஆயுதச் சட்டப்படி உங்க பேர்ல தனி லைசென்ஸ் வேணும். இல்லாம வச்சிருந்தா, 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைந்தது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் சிறை, கூடவே அபராதம். மாசச் சம்பளக்காரருக்கு ஒரு எஃப்.ஐ.ஆரே போதும், வேலைக்கே ஆபத்து.

அடுத்து, அது எந்த ரகம்னு பாருங்க. .315 ரைஃபிள்னா மாவட்ட ஆட்சியர்கிட்ட விண்ணப்பிக்கலாம். பழைய ராணுவ .303-ன்னா அது தடை செய்யப்பட்ட ரகம். விஷயம் டெல்லி உள்துறை அமைச்சகம் வரைக்கும் போகும். "துருப்பிடிச்ச இரும்புதானே"ங்கிற வாதமும் எடுபடாது. ரிப்பேர் பண்ணாலும் சுடவே முடியாதுங்கிற நிலையில இருந்தாதான் சட்டம் விலக்கு தருது.

சரி, லைசென்ஸே கிடைச்சிடுச்சுன்னு வைங்க. 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்வாங்க. நீங்க சென்னையிலயோ பெங்களூருலயோ வேலை பார்த்துக்கிட்டு, செஞ்சியில பூட்டின வீட்டுக்குள்ள அதை வச்சிருந்தா, திருடு போற பயம் வேற. விக்கணும்னாலும் லைசென்ஸ் உள்ளவங்ககிட்ட மட்டும்தான் விக்க முடியும். வருமானம் இல்ல, அவசரத்துக்குக் காசாக்க முடியாது, ரிஸ்க் மட்டும் உண்டு. இப்படி ஒரு ஃபண்ட் இருந்தா வாங்குவீங்களா?

என் கருத்து தெளிவு: ஊர்லயே இருந்து, உண்மையான தேவையும் இருந்தா லைசென்ஸுக்கு விண்ணப்பிங்க. மத்தவங்க வச்சுக்க வேண்டாம். ரெண்டு பேருக்குமே முதல் வேலை ஒண்ணுதான்: தாமதிக்காம ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லி, அங்கயோ லைசென்ஸ் பெற்ற டீலர்கிட்டயோ ஒப்படைச்சு, மறக்காம ரசீது வாங்குங்க. அப்புறம் விதிமுறை சொல்ற காலத்துக்குள்ள விக்கிற உரிமையும் உங்களுக்கு இருக்கு. அதைத் தவறவிட்டா அரசுக்குப் போயிடும்.

தாத்தாவோட பதக்கத்தையும் யூனிஃபார்ம் போட்டோவையும் ஹால்ல மாட்டுங்க. அதுக்கு லைசென்ஸ் தேவையில்ல.