காட்டோரம் வீடு கட்டுவோர் கவனத்துக்கு

மலையடிவாரத்தில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயிக்கு ராத்தூக்கம் கிடையாது. மக்காச்சோளம் கதிர் பிடித்தால் காட்டுப்பன்றி வரும். வாழை குலை தள்ளினால் யானை வரும். ஊருக்குள் இருக்கும் வீட்டிலிருந்து தினமும் நடந்து வந்து, பரண் மேல் விழித்திருந்து, விடிந்ததும் திரும்பிப் போவது எத்தனை நாளைக்கு முடியும்? 'தோட்டத்திலேயே ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு வந்துவிடலாம்' என்று அவர் நினைப்பதில் தவறில்லை. வெள்ளாமைக்கும் மாடுகன்றுக்கும் அதுவே நல்லது. ஆனால் எந்த இடத்தில் கட்டுகிறார், எப்படிக் கட்டுகிறார் என்பதில்தான் நன்மையும் தீமையும் அடங்கியிருக்கிறது.

பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு, தண்ணீர் வசதி என்று ஓடைக்கரையில் கடைக்கால் தோண்டுவது. பத்து வருஷம் வறண்டு கிடந்த ஓடையும் ஒரே ராத்திரியில் பழைய வழியைக் கேட்டு வரும். 2020 ஆகஸ்டில் மூணாறை அடுத்த பெட்டிமுடியில் ஓடையருகே இருந்த தேயிலைத் தொழிலாளர் லயங்கள் மண்ணில் புதைந்து 70 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 2024 ஜூலை 30ந் தேதி வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் அழிந்தபோது, சரிவு தொடங்கிய இடம் மிக உயரத்தில் இருந்தது. சேறும் பாறையும் ஆற்று வழியாகவே பல கிலோமீட்டர் கீழே இறங்கி வந்தன. நீலகிரியில் 2009 நவம்பர் மழையில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தன் நிலம் சமதரையாக இருக்கிறதே என்று எண்ணுவது போதாது. மேலேயிருந்து தண்ணீர் வரும் வழி எது என்று அண்ணாந்து பார்க்க வேண்டும். ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால், பெரிய வெள்ளம் எந்தக் கல் வரை வந்தது என்று காட்டுவார்கள். அந்தக் கல்லுக்கு மேலே, ஓடையை விட்டு நன்றாக விலகிக் கட்டுவதே உத்தமம்.

இரண்டாவது தவறு, சரிவை வெட்டி அந்த மண்ணையே முன்பக்கம் கொட்டி மேடை போடுவது. வீட்டின் ஒரு பாதி கெட்டித் தரையிலும் மறு பாதி கொட்டிய மண்ணிலும் நின்றால், மழையில் ஒரு பக்கம் அமுங்கிச் சுவர் வெடிக்கும். பின்னால் வெட்டிய கரையோ பிடிமானம் இழந்து வீட்டின் மேலேயே சரியும். மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாலும், வேலிக்கால்கள் இடம் நகர்ந்திருந்தாலும், புதிதாக ஊற்று கசிந்தாலும் அந்தச் சரிவை நம்பக்கூடாது.

கூரைத் தண்ணீரையும் கணக்கில் கொள்ள வேண்டும். 500 சதுர அடிக் கூரையில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 2,300 லிட்டர் தண்ணீர் விழும். அதைச் சுவரோரம் ஊற விடாமல் தொட்டியில் பிடித்தால் மாட்டுக்கு ஆகும். மிச்சத்தைக் கால்வாய் வெட்டி வெளியேற்றலாம்.

மனையில் நிற்கும் மரங்களை முழுதும் வெட்டிச் சாய்ப்பவர்கள் உண்டு. பட்டுப்போன மரத்தையும் கூரை மேல் சாயும் கிளையையும் எடுப்பது சரி. மற்றவற்றை விட்டுவைத்தால் வேர்கள் மண்ணைப் பிடித்திருக்கும், நிழலும் கிடைக்கும். வெட்ட நேர்ந்தால் அடிக்கட்டையை வேரோடு எடுத்துவிட வேண்டும். கட்டையின் மேலேயே மண் நிரப்பித் தளம் போட்டால் கறையான் அதில் குடியேறி, பிறகு நிலைக்கும் கதவுக்கும் ஏறும். அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் பட்டா நிலத்து மரமானாலும் 1955ம் வருஷத்துச் சட்டப்படி அனுமதியின்றி வெட்டக்கூடாது என்பதையும் மறக்கலாகாது.

யானை விஷயத்தில் வீறாப்பு உதவாது. அது காலங்காலமாக நடக்கும் தடத்தில் சுவர் எழுப்பினால் இடிபடுவது சுவர்தான். அரிசி, உப்பு, வெல்லம், பலாப்பழம் ஆகியவற்றின் வாசனைக்கு யானை வீடு தேடி வரும். ஆகவே தானியத்தைத் தூங்கும் அறையில் அடுக்கக்கூடாது. வீட்டை ஒட்டி வாழையும் பலாவும் வைக்கக்கூடாது. வால்பாறையில் யானை நடமாட்டத்தைக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்காலும் முன்கூட்டியே அறிவிக்கும் ஏற்பாடு நல்ல பலன் தந்திருக்கிறது. வேலியில் நேராக மின்சாரம் பாய்ச்சுவது மட்டும் எக்காரணம் கொண்டும் கூடாது. அது சட்ட விரோதம் என்பதோடு, முதலில் பலியாவது பெரும்பாலும் வீட்டு மனிதரோ மாடோதான்.

இனி அனுமதி. மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ள கிராமங்களில் வீடு கட்ட முன் அனுமதி வேண்டும். தன் கிராமம் பட்டியலில் உள்ளதா, நிலம் காப்புக்காட்டை ஒட்டியதா என்பதைக் கடைக்காலுக்கு முன்பே விசாரித்துக்கொள்வது நலம். சீகூர் யானை வழித்தடத்தில் எழுந்த விடுதிகள் மீது நடவடிக்கை எடுக்க 2018ல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2020 அக்டோபரில் அந்த வழித்தடத்தை உறுதி செய்தது. பணம் படைத்தவர் கட்டிய கட்டிடத்துக்கே அந்தக் கதியென்றால், கடன் வாங்கிக் கட்டும் சிறு விவசாயி எதை நம்பித் துணிவது?

அதே சமயம், சட்டம் தெரியவில்லை என்று அவரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. இரண்டு அறை வீட்டுக்கும் பல அறை விடுதிக்கும் ஒரே அலைச்சல் என்றால், அனுமதி கேட்கவே அவர் அஞ்சுவார். கேட்காமல் கட்டி, பின்னால் தவிப்பார். தன் பட்டா நிலத்தில் தானே குடியிருக்கச் சிறு வீடு கட்டும் விவசாயிக்கு, அதிகாரிகள் நேரில் வந்து இடத்தைப் பார்த்து, 'இங்கே கட்டு, அங்கே கட்டாதே' என்று குறித்த நாளுக்குள் எழுதித் தர வேண்டும். உயிர்ச்சேதம் நடந்த பிறகு நிவாரணம் கொடுப்பதைவிட அதற்கு ஆகும் செலவு சொற்பம்.

'வீட்டைக் கட்டிப்பார்' என்பார்கள். காட்டோரத்தில், பார்த்துவிட்டுத்தான் கட்ட வேண்டும். ஒரு ஐப்பசி மழை முழுவதும் இடத்தைக் கவனித்து, தண்ணீர் ஓடும் வழியையும் யானை நடக்கும் வழியையும் தெரிந்துகொண்டு, தையில் வேலை தொடங்கினால் குடியேறிய பிறகு மழைக்காலத்திலும் நிம்மதியாகத் தூங்கலாம்.