டீசல் இஞ்சின் வெறும் பொம்மையா?

புனே கோத்ரூட்டில் ஜோஷி குட்டி ரயில் காட்சிசாலை ஒன்று உண்டு. பி. எஸ். ஜோஷி என்ற உள்ளூர் அன்பர் 1998-ல் அதைத் திறந்தார். சின்னஞ்சிறு நகரம் ஒன்றைச் சுற்றி நீராவி, டீசல், மின்சார வண்டிகள் சிக்னல் பார்த்து ஓடுகின்றன. கட்கியிலும் பிம்ப்ரியிலும் கோர்பாடியிலும் வசிக்கும் நம்மவர்கள் விருந்தாளி வந்தால் சனிவார்வாடாவுக்கும் சிங்ககட்டுக்கும் அழைத்துப் போகிறார்கள். இங்கே போவோர் குறைவு. "பொம்மை ரயிலுக்கு டிக்கெட்டா?" என்ற எண்ணம்தான் காரணம்.

இந்த எண்ணம் சரியல்ல. புனேத் தமிழனுக்கு டீசல் இஞ்சின் அந்நியமானதா என்ன? 1929-ல் பம்பாய்ப் பக்கமிருந்து மின்சாரம் புனே வரை வந்தது. அதற்கப்பால் பல்லாண்டுகள் வரவில்லை. நீராவி ஓய்ந்த பிறகு, சென்னை செல்லும் வண்டிகள் புனேயில் மின்சார இஞ்சினைக் கழற்றி டீசலை மாட்டிக்கொண்டன. பின்னால் ஒரு குலுக்கல் வந்ததும், "இனி ஊர்தான்" என்று பெரியவர்கள் பெட்டிக்குள் ஏறுவார்கள்.

அந்த டீசல் பெரும்பாலும் டபிள்யூ.டி.எம்.-2. அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைத்தது. 2,600 குதிரைத் திறன். முதலில் இறக்குமதியான இந்த இனத்தை, பிறகு வாரணாசியிலேயே செய்தார்கள். அங்கு உருவான முதல் இஞ்சினை 1964 ஜனவரி 3-ல் லால் பகதூர் சாஸ்திரி நாட்டுக்கு அர்ப்பணித்தார். பெயரிலுள்ள 'எம்' பயணிகள், சரக்கு இரண்டுக்கும் பொது என்பதன் அடையாளம். பயணிகளுக்கென்றே அமைந்த 'பி' வகையில் 4,000 குதிரைத் திறன் கொண்ட டபிள்யூ.டி.பி.-4 வந்தது 2001-ல்தான். எனவே, பயணி வண்டி டீசல்களை மட்டும் சேர்ப்பேன் என்று அடம்பிடிப்பவரின் அலமாரி பாதி காலியாகவே இருக்கும்!

சேகரிப்பவர் கண் நுணுக்கமானது. நீண்ட மூக்கு முன்னால் போகிறதா, குட்டை மூக்கா, எந்த ஷெட்டின் வர்ணம், எந்த ஆண்டு என்றெல்லாம் பார்ப்பார். நீண்ட மூக்கு முன்னிருந்தால் டிரைவருக்குச் சிக்னல் பார்ப்பது எவ்வளவு சிரமம் என்பது மாடலைக் கையில் எடுத்தாலே விளங்கிவிடும். இது விளையாட்டா, படிப்பா?

ஒரு குறையும் உண்டு. உலகெங்கும் பரவலான அளவு 87-ல் ஒரு பங்கு. அதற்கான தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். அது வெளிநாட்டு 1,435 மில்லிமீட்டர் பாதையின் சுருக்கம். நமது அகலப் பாதையோ 1,676; கணக்குப்படி 19 மில்லிமீட்டருக்கு மேல் வரவேண்டும். ஆக, நம் இஞ்சின் மாடல் ஒடுங்கிய காலில் நிற்கிறது. பாண்டியன் எக்ஸ்பிரஸ் இழுத்த மீட்டர்கேஜ் ஒய்.டி.எம்.-4 மாடலுக்கு இந்தத் தொல்லை இல்லை. 12 மில்லிமீட்டர் பாதை ஏறக்குறையப் பொருந்திவிடும்.

அசல்கள் வேகமாக மறைகின்றன. 2020-ல் வாரணாசித் தொழிற்சாலையின் பெயரிலிருந்தே 'டீசல்' என்ற சொல் போய்விட்டது. பழைய இஞ்சின் உடைபடப் போகுமுன் அதன் அளவுகளையும் வர்ணங்களையும் எடுத்து, பள்ளிப் பிள்ளைகள் அட்டையில் வெட்டி ஒட்டும்படி மலிவு விலைப் படத்தாளாக ரயில்வே வெளியிடலாமே? வெளிநாட்டு மாடலை வாங்க கிளார்க்கின் சம்பளம் போதாது. அட்டையும் பசையும் எவருக்கும் எட்டும்.