மின்தடை நாளில் ஜெனரேட்டர் ஓட்டும் பனியன் ஷெட்டுகள் உஷார்!
கம்பத்தில் ஏறும் லைன்மேனைத் தாக்கும் 'ரிட்டர்ன் கரண்ட்'

பொங்கலூர்:

"நாளை காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை மின்தடை" என்று மின்வாரிய அறிவிப்பு வந்தால் போதும், பொங்கலூர் சுற்றுவட்டாரத்தில் ஜாப் ஒர்க் எடுத்து ஓட்டும் சின்ன பனியன் ஷெட்காரர்களுக்குத் தலைவலிதான். கரண்ட் இல்லையென்றால் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் டெய்லருக்கு அன்றைக்குக் கூலி இல்லை. சரக்கை நேரத்துக்குக் கொடுக்காவிட்டால் அடுத்த ஆர்டரும் இல்லை.

உடனே மூலையில் கிடக்கும் பெட்ரோல் ஜெனரேட்டரைத் தூசி தட்டி எடுக்கிறார்கள். கயிற்றை இழுத்தால் ஓடுகிறது, ஒயரைச் சொருகினால் மெஷின் சுற்றுகிறது. அவ்வளவுதானே என்று நினைப்பதுதான் ஆபத்தே.

2008-ல் தொடங்கி சில ஆண்டுகள் தமிழகத்தை வாட்டிய மின்வெட்டு காலத்தில்தான் சின்ன ஷெட்டுகள் வரை ஜெனரேட்டர் வந்து சேர்ந்தது. அந்த மின்வெட்டு போய்விட்டது. ஆனால் அவசரத்துக்கு ஒயரைச் சொருகும் பழக்கம் மட்டும் போகவில்லை.

திரும்பிப் போகும் கரண்ட்

இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயரை ஜெனரேட்டரில் ஒரு முனை, சுவர் பிளக்கில் ஒரு முனை என்று சொருகிவிடுகிறார்கள். மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால் என்ன ஆகும்? கரண்ட் ஷெட்டோடு நிற்காது. மீட்டர் வழியாகத் தெருக்கம்பிக்குப் போகும். 11 ஆயிரம் வோல்ட்டைக் குறைத்துத் தருகிற அதே டிரான்ஸ்பார்மர், தலைகீழாகக் கரண்ட் வந்தால் அதைப் பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றிவிடும். "லைன் ஆப்" என்று நம்பி கம்பத்தில் ஏறிய லைன்மேன் கதி? அவர் யார் வீட்டுப் பிள்ளையோ!

இதற்கு ஒரே வழி சேஞ்ச் ஓவர் சுவிட்ச். மின்வாரியக் கரண்ட், ஜெனரேட்டர் கரண்ட் இரண்டில் ஒன்றுதான் உள்ளே வரும். சின்ன ஷெட்டுக்கு சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற வேலை. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தோடு சேர்த்துப் போட வேண்டும்.

வாசனையே இல்லாத எமன்

2024 டிசம்பரில் கேரள மாநிலம் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் 2 பேர் பிணமாகக் கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு வாயு உள்ளே புகுந்ததே காரணம் என்று கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் சோதனை செய்து சொன்னார்கள். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, பிறகு மயக்கம். தூங்குபவருக்கு அதுவும் தெரியாது.

மழைக்குப் பயந்தோ, திருடனுக்குப் பயந்தோ ஜெனரேட்டரை ஷெட்டுக்குள் ஓட்டவே கூடாது. ஜன்னல் திறந்திருந்தாலும் போதாது. வெளியே, 20 அடியாவது தள்ளி, புகை கதவுப் பக்கம் வராதபடி வைக்க வேண்டும். யாருக்காவது தலை சுற்றினால் எல்லோரும் வெளியே வந்துவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும்.

தாங்குமா?

2.5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் ஏறக்குறைய 2 ஆயிரம் வாட்ஸ்தான் தரும். அயர்ன் பாக்ஸ் ஒன்றே 1,000 வாட்ஸ். ஒரு எச்.பி. மோட்டார் 746 வாட்ஸ். ஸ்டார்ட் ஆகும் நொடியில் அது பல மடங்கு இழுக்கும். எல்லா மெஷினையும் ஒரே நேரத்தில் போட்டால் வோல்டேஜ் இறங்கி மோட்டார் புகைந்துவிடும். பெரிய மோட்டாரை முதலில், மற்றதை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். அயர்னிங் வேலையைக் கரண்ட் வந்தபிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஒயர் மெலிதாக இருந்தால் அதுவே சூடாகி உருகும். கட்டிங் வேஸ்ட் குவிந்து கிடக்கும் இடத்தில் ஒரு பொறி போதும். ஓடும்போது பெட்ரோல் ஊற்றுவது தீயோடு விளையாடுவது. அணைத்து, ஆறவிட்டு, பிறகுதான் ஊற்ற வேண்டும்.

யார் பொறுப்பு?

ஷெட்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மின்தடை நாளென்று தெரிந்தும் டெலிவரி தேதியை ஒருநாள் தள்ளித்தர மனமில்லாத கம்பெனிகளுக்கும் இதில் பங்கு உண்டு. எத்தனை மணிக்குக் கரண்ட் வரும் என்று 94987 94987 மின்னகம் எண்ணில் கேட்டுக்கொண்டால் வேலையைப் பிரித்து வைக்கலாம்.

ஒருநாள் கூலி போனால் மறுநாள் சம்பாதித்துக்கொள்ளலாம். போன உயிரை எந்த ஆர்டரும் திருப்பித் தராது.