அந்தத் தாள் இருக்கட்டும்

"விமானத்தில் ஏறும்போது உங்கள் கையில் இருப்பது தாளா, கைப்பேசியா?"

கடந்த வாரம் காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் இப்படிக் கேட்டேன். பள்ளி விடுமுறை வருகிறது, கொஞ்சம் கலகலப்பாக இருக்கட்டும் என்று கேட்ட கேள்விதான். வந்த பதில்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டன. இளைஞர்கள், "கைப்பேசிதான், இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்றார்கள். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கோ வேறு கவலை. "தாள் இல்லாமல் உள்ளே எப்படிப்பா விடுவாங்க?" என்றார் ஒரு பெரியம்மா. கிள்ளானிலிருந்து அழைத்த ஒருவர், சுபாங்கிலிருந்து முதன்முதலாகப் பறந்தபோது கொடுத்த அட்டையை இன்னும் பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருக்கிறாராம்.

அந்த அட்டையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கெட்டியாக இருக்கும், பின்னால் காந்தப் பட்டை ஓடும். விமானத்தில் ஏறும் வாயிலில் பெரிய பகுதியைக் கிழித்து வைத்துக்கொண்டு, இருக்கை எண் உள்ள சின்னத் துண்டை நம்மிடம் கொடுப்பார்கள். சுபாங்கில் வழியனுப்ப வந்த மொத்தக் குடும்பமும் மாடத்தில் நின்று கையசைக்கும். 1998-இல் சிப்பாங்கில் கேஎல்ஐஏ திறந்தபோது அந்தக் காலம் முடிந்துபோனது.

அட்டை போனதற்கு நியாயமான காரணம் உண்டு. அதை அச்சிடத் தனி இயந்திரமும் தனி அட்டையும் வேண்டும், செலவு அதிகம். 2008 ஜூன் 1 முதல் விமான டிக்கெட்டுகள் மின்னிலக்கத்துக்கு மாறின. அடுத்து, 2010-ஆம் ஆண்டு இறுதிக்குள் காந்தப் பட்டையைக் கைவிட்டுப் பட்டைக்குறிக்கு மாற வேண்டும் என்று அனைத்துலக விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா இலக்கு வைத்தது. பட்டைக்குறியை எந்தத் தாளிலும் அச்சிடலாம், திரையிலும் காட்டலாம். ஆகவே வீட்டில் அச்சிட்ட ஏ4 தாள், விமான நிலைய இயந்திரம் தரும் மெல்லிய தாள், கைப்பேசித் திரை எல்லாம் ஒன்றுதான். வருடியைப் பொறுத்தவரை பேதமே இல்லை.

இங்கே இளையவர்களுக்கு இரண்டு செய்தி. அந்தப் பட்டைக்குறிக்குள் உங்கள் பெயரும் முன்பதிவு எண்ணும் இருக்கின்றன. இரண்டும் தெரிந்தால் வேறொருவர் இணையத்தில் உங்கள் பயண விவரத்தைத் திறந்துவிடலாம். "லீவு ஆரம்பம்" என்று போர்டிங் பாஸைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள். இன்னொன்று, இயந்திரம் தரும் மெல்லிய தாளில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் பூச்சில்தான் எழுத்துகள் தெரிகின்றன. நாளானால் மங்கிப் போகும், வெயிலில் நிறுத்திய காரில் விட்டால் இன்னும் மோசம். அலுவலகத்தில் பணம் கோரப் போகிறீர்கள் என்றால் அன்றே படமெடுத்து வையுங்கள்.

இப்போது அந்த மெல்லிய தாளுக்கும் ஆபத்து வந்திருக்கிறது. ஐரோப்பாவின் மிகப் பெரிய மலிவுக் கட்டண நிறுவனமான ரயன்ஏர், 2025 நவம்பர் 12 முதல் தாள் போர்டிங் பாஸை நிறுத்திவிட்டது. பயணிகள் அதன் செயலியில்தான் காட்ட வேண்டும். கைப்பேசி தொலைந்தாலோ, மின்கலம் தீர்ந்தாலோ விமான நிலையத்தில் உதவுவோம் என்கிறது. ஒரு பெரிய நிறுவனம் செய்து பார்த்து இலாபம் கண்டால் மற்றவர்களும் பின்தொடர்வார்கள். மலிவுப் பயணக் கதை முழுக்க அப்படித்தான் நடந்திருக்கிறது.

நான் கைப்பேசிக்கு எதிரியில்லை. டெங்கிலில் குடியிருக்கிறேன், விமான நிலையம் பக்கம்தான். கைப்பையோடு போகிற நாள்களில் செக்-இன் முகப்புப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. வாயில் எண் மாறினால் கைப்பேசிக்குத் தகவல் வரும், தாளில் அச்சான எண் மாறாது. இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பந்திங்கிலிருந்து அழைத்த ஓர் அக்கா சொன்னதைக் கேட்டபின் மனம் கேட்கவில்லை.

அவருடைய அப்பாவுக்கு எழுபது கடந்துவிட்டது. திருச்சியில் தம்பி பேத்தியின் கல்யாணத்துக்குத் தனியாகப் புறப்பட்டார். மகளே இணையத்தில் செக்-இன் செய்து, போர்டிங் பாஸை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். வழியனுப்புகிறவர்கள் போகக்கூடிய எல்லைவரை கூட வந்தார். அதற்கு மேல் அப்பா தனியாள்.

அதிகாரி போர்டிங் பாஸ் கேட்கிறார். அப்பா வாட்ஸ்அப்பைத் திறக்கிறார். குடும்பக் குழுவில் பூப்படங்கள், சாமிப் படங்கள், "இனிய காலை வணக்கம்" என்று வரிசையாக வந்து விழுந்திருக்கின்றன. மகள் அனுப்பியது எங்கேயோ மேலே போய்விட்டது. தேடுவதற்குள் திரை அணைகிறது, மறுபடி கடவு எண் கேட்கிறது. பின்னால் வரிசை நீள்கிறது. ஒருவழியாகக் கண்டுபிடித்து உள்ளே போனாலும் எந்த வாயில் என்று தெரியவில்லை.

"யாரையாவது கேட்டிருக்கலாமேப்பா?" என்று மகள் பிறகு கேட்டிருக்கிறார்.

"கைப்பேசியை யார்கிட்டயும் கொடுக்காதேன்னு நீதானேம்மா சொன்னே? பேங்க் கணக்கெல்லாம் அதுக்குள்ளதானே இருக்கு?"

அந்தப் பதிலில் எத்தனை நியாயம் பாருங்கள். மோசடிக்காரர்களுக்குப் பயந்து, கைப்பேசியைக் கையை விட்டு இறக்காதீர்கள் என்று பெரியவர்களுக்கு நாம்தான் பாடம் நடத்தினோம். பிறகு அவர்களின் பயணத்தையும் அதே கைப்பேசிக்குள் வைத்துப் பூட்டிவிட்டோம். தாள் அப்படியில்லை. முன்பின் தெரியாதவரிடம் தயங்காமல் நீட்டலாம். "தம்பி, இது எந்தப் பக்கம்?" என்று கேட்கலாம். அவர் விரலால் காட்டுவார், அல்லது பேனாவால் வட்டமிட்டுத் தருவார். எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஒரு தாளை நீட்டி நீட்டியே உலகைச் சுற்றி வந்துவிடலாம். அந்த அப்பா கடைசியில் என்ன செய்தாராம் தெரியுமா? தமிழ் பேசுகிற கூட்டமாகப் பார்த்துப் பின்னாலேயே நடந்திருக்கிறார். நல்லவேளை, அவர்களும் திருச்சிக்குத்தான் போனார்கள்.

சிரிக்கிறோம். ஆனால் இந்த வழியில் பயணம் செய்கிறவர்கள் யார் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்துக்கும் இங்கும் போய்வந்த தலைமுறையின் பிள்ளைகள். 1973-இல் ரஜுலாவின் இடத்துக்கு வந்த சிதம்பரம் கப்பலும் 1985-இல் தீ விபத்தோடு நின்றுபோனது. அதன்பின் ஊருக்குப் போக விமானம்தான் வழி. குலதெய்வக் கோயிலுக்கும் சொந்தத்தில் நல்லது கெட்டதுக்கும் போகிற பெரியவர்களை வைத்துத்தான் திருச்சி விமானங்களில் இத்தனை இருக்கைகள் நிரம்புகின்றன.

எல்லாம் கணினியில் இருக்கிறது, தாள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2019 ஆகஸ்ட் நினைவிருக்கும். 21-ஆம் தேதி கேஎல்ஐஏவின் கணினி வலையமைப்பு பழுதாகி, சில நாள்களுக்கு ஒரே குழப்பம். தகவல் திரைகள் வேலை செய்யாததால் பணியாளர்கள் விமான எண்ணையும் வாயிலையும் வெள்ளைப் பலகையில் கையால் எழுதினார்கள். 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் கோளாறான மென்பொருள் மேம்பாட்டால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. அன்று இந்திய விமான நிலையங்களில் பேனாவால் எழுதிய போர்டிங் பாஸோடு பயணிகள் பறந்தார்கள். அந்த இரண்டு சமயத்திலும் வேலையை நகர்த்தியது பேனாவும் தாளும், அவற்றைப் பிடித்திருந்த மனிதர்களும்தான்.

எங்கள் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா என்றோர் அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. புத்ராஜெயா உருவானபோது பிராங் பெசார் உள்ளிட்ட நான்கு தோட்டங்களிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் அங்கே வந்தன. சொந்தத் தரைவீட்டுக்காக 20 ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்தவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்களிடம் போய், "எல்லாம் சிஸ்டத்தில் இருக்கிறது, கையில் எதற்குத் தாள்?" என்று கேட்டுப் பாருங்கள். கையில் ஒன்று இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் நினைப்பது பட்டிக்காட்டுத்தனம் அல்ல. அனுபவம் சொல்லிக்கொடுத்தது.

ஆகவே விமான நிறுவனங்களிடம் ஒன்று கேட்கலாம். செயலி இருக்கட்டும், வேகம் இருக்கட்டும். ஆனால் அறுபது வயதுக்கு மேற்பட்டவர் முகப்புக்கு வந்து தாள் கேட்டால் கட்டணம் இல்லாமல், முகம் சுளிக்காமல் கொடுங்கள். ஒரு துண்டுத் தாளுக்கு ஆகிற செலவால் எந்த விமானமும் தரையிறங்கிவிடாது.

அதுவரை பிள்ளைகள் நாம் செய்யக்கூடியது இருக்கிறது. அப்பா அம்மா பயணத்துக்கு முதல்நாள் போர்டிங் பாஸை ஏ4 தாளில் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று கடப்பிதழுக்குள், ஒன்று கைப்பையில். இந்தியாவுக்குப் போகிறவர்கள் இ-விசா ஒப்புதலின் பிரதியையும் கையில் கொண்டுபோக வேண்டும் என்பதால் எப்படியும் அச்சிடத்தான் போகிறீர்கள். பட்டைக்குறியின் மீது மடிப்பு விழாமல் மடியுங்கள். தாளின் பின்பக்கம் விமான எண், இருக்கை எண், புறப்படும் நேரம், உங்கள் தொலைபேசி எண், அங்கே அழைத்துப்போக வருகிறவரின் எண் ஆகியவற்றைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். வாயில் எண்ணை மட்டும் எழுதாதீர்கள். அது மாறக்கூடியது. "வாயில் எண்ணை உள்ளே இருக்கும் திரையில் பாருங்கள், தெரியாவிட்டால் இந்தத் தாளைக் காட்டிக் கேளுங்கள்" என்று ஒரு வரி போதும்.

பந்திங் அக்கா இப்போது அப்படித்தான் செய்கிறாராம். அடுத்த பயணத்துக்கு அவருடைய அப்பா தயாராகிவிட்டார். தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளப் பெரிய பை வைத்த சட்டையாகத் தைக்கக் கொடுத்திருக்கிறாராம்.